காலிதானே?

"மேகசினைக் கழட்டிட்டா துப்பாக்கி காலிதானடி?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமாக்கா" என்றேன்.

தெரியாமல் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான். ஆனால் மூன்று வருடமாகத் துப்பாக்கி சுடும் மன்றத்தில் துப்பாக்கி துடைக்கிறேன். தோட்டாக்கள் அடுக்கிய மேகசின் வெளியே வந்தாலும் குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும்.

அக்கா புருஷனுக்கு நகைக்கடையில் காவல் வேலை; துப்பாக்கியோடுதான் வீட்டுக்கு வருவார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மாமா மேகசினை உருவி மேசையில் வைப்பார். துப்பாக்கியை அக்கா நெற்றியில் வைத்து விசையை அழுத்துவார். டிக். "பயந்துட்டியா? காலிடி, காலி."

மேகசினை உருவியதும் முதுகைக் காட்டி நின்று, உள்ளே இருக்கும் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்தது நான் மட்டும்தான். "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அதிகம் பேசாத என்னைக் கேலி செய்வார். ஊமைக்குக் கண் உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா இடதுகைக்காரி. மேகசின் பொத்தான் வலதுகைக்காரர்களின் கட்டைவிரலுக்கு வாகாக இருக்கும். அவள் ஆட்காட்டி விரலால் அழுத்த வேண்டும். மன்றத்தில் கழித்துப்போட்ட பயிற்சித் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்தேன். பிடியை உயரப் பிடி, மற்றக் கையால் இறுக அணை, மணிக்கட்டை வளைக்காதே.

"அவரையும் ஒருதடவை பயமுறுத்திப் பாக்கணும்டி" என்று சிரித்தாள். மூன்றே நாளில் பழகிவிட்டாள்.

மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொன்னால் குழம்பிப்போவாள்.

ஞாயிறு மதியம் மாமா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் துப்பாக்கியின் மேகசினை உருவி அவர் கண்ணெதிரே வைத்துவிட்டு, துப்பாக்கியை நீட்டினாள். பிடி அழகாக இருந்தது. "பயந்துட்டீங்களா?" என்றாள்.

"ஏய், வேணாம்டி, அதுக்குள்ள..." என்று எழுந்தார். முடிக்கவில்லை.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று அக்கா கோர்ட்டில் சொன்னதை நீங்கள் யாரும் நம்பவில்லை. மேகசினைக் கழற்றத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்றீர்கள். நியாயமான கேள்விதான்.

போன வாரம் சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "எல்லாம் உனக்காகத்தான்க்கா. இனிமே உன்னை யாரும் மிரட்ட மாட்டாங்க" என்றேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

தலையாட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

பார்வை நேரம் இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அக்கா திரும்பி உள்ளே போய்விட்டாள்.