வண்டி மேல பழி வேண்டாம்

இந்த நாற்காலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா போதும் சார், இந்தக் கிறீச் சத்தம் நின்னுடும். பின்காலுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு திருகு லேசா துரு ஏறியிருக்கு. நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கே சத்தம் கேட்டாலும் காது அங்கேதான் போகும். ஜனங்க யோசிக்காம ஏறி நிக்கணும், அதுதான் என் வேலை.

நீங்க என்னைக் கூப்பிடலை, ஸ்டேஷனுக்கு நானாத்தான் வந்தேன். விபத்துன்னு எழுதி முடிச்சுட்டீங்க. அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா காரணம்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, துருப்பிடிச்ச பழைய பாகங்களை மாட்டினதாலன்னு, அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்தப் பாகங்கள் மேல ஒரு குத்தமும் கிடையாது. ஒவ்வொண்ணையும் கழட்டினவன் நான். ஓட்டிட்டுப் போய்ச் செத்தது என் தங்கச்சி புருஷன், பக்கத்துல இருந்து செத்தது என் தங்கச்சி. அது உங்களுக்குத் தெரியும். வண்டியைப் பத்தித்தான் தெரியாது, அதைச் சொல்லிட்டுப் போயிடறேன்.

மாப்பிள்ளை எனக்கு மாப்பிள்ளை ஆகறதுக்கு முன்னாடியே சிநேகிதன். மூடிப்போன அச்சாபீஸ் ஒண்ணுக்குப் பின்னாடி அந்தப் பழைய காரை ரெண்டு பேருமாத்தான் பார்த்தோம். கூரை வழியா மழை இறங்கி, தரைத்தகடு உதிர்ந்து, உள்ளே ஒரு செடி ஸ்டீரிங் உயரத்துக்கு வளர்ந்திருந்துச்சு. ஓட்டுறவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவைத் தொட்டேன், விரல் உள்ளே போயிடுச்சு. காயலான் கடைக்குப் போகவேண்டியதை இழுத்துட்டு வந்து என் வீட்டுப் பின்கொட்டகையில நிறுத்தினோம். என்னிக்காவது ஓட்டிடணும்னு ஒரு வெறி.

அதுக்கப்புறம் லீவுன்னா கொட்டகைதான். துருப்பிடிச்ச போல்ட்டை அவசரப்படுத்தக் கூடாது சார். எண்ணெய் விட்டுட்டுப் பேசாம போயிடணும். மறுநாள் லேசா தட்டணும், திரும்ப எண்ணெய் விடணும். பலத்தைக் காட்டினா தலை முறிஞ்சுடும். மாப்பிள்ளைக்கு அந்தப் பொறுமை கிடையாது. முறிச்சுட்டு என்னைப் பார்த்து இளிப்பான். தங்கச்சி டீயைக் கொண்டுவந்து வச்சுட்டு, உங்க ரெண்டு பேருக்கும் மரை கழண்டு போச்சுன்னு திட்டுவா. அந்தக் கதவு ஓட்டையில கையை விட்டு ஆட்டுவா. "முதல்ல இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, நான் உட்கார்ந்தா நடுரோட்டுல விழுந்துடுவேன்" அப்படிம்பா. முதல் சவாரியில அவதான் முன்னாடின்னு நாங்க சொல்லி வச்சிருந்தோம். அப்படியே அவங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. எங்க அம்மா முறுக்கிக்கிட்டு நின்னப்ப பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சது நான். அதையும் எழுதிக்கங்க.

கல்யாணத்துக்கப்புறம் அவன் கொட்டகைக்கு வர்றது குறைஞ்சுது. வேலை ஜாஸ்தின்னான், நம்பினேன். ஒருநாள் அவங்க வீட்டுக்குப் போனப்ப தங்கச்சி தடிச்ச நீலத் துணி ஒண்ணை மிஷின்ல தைச்சுக்கிட்டிருந்தா. என்னம்மா இதுன்னேன். ஜன்னலுக்குத் திரை அண்ணான்னா. இவ்வளவு தடிமனாவான்னு தோணுச்சு, கேக்கலை. கூடப் பொறந்தவகிட்ட என்னத்தைத் துருவித் துருவிக் கேக்கறது.

அப்புறம் ஒரு மத்தியானம் அவன் வந்தான். பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சான், கோவிச்சுக்காதே. நம்ம வண்டி தேறாது."

"யார் சொன்னா?"

"இதே மாடல்ல இன்னொண்ணு வாங்கிட்டேன். பாடில பொட்டுத் துரு கிடையாது, ஜம்முனு ஓடுது. சக்கரத்தைத்தான் எவனோ மாத்தித் தொலைச்சிருக்கான். நம்மளுதுல இருந்து கம்பிச் சக்கரம், ஹப்பு, விளக்கு வளையம், கடிகாரம் எல்லாம் எடுத்துப் போட்டுக்கலாம். நீ கழட்டினாத்தான் முறியாம வரும்."

எப்ப வாங்கினதுன்னு கேட்டேன். டப்பாவோட விளிம்பை நகத்தால சுரண்டினான். கூட்டிட்டுப் போய்க் காட்டினான். வண்டி அவன் ஷெட்ல வந்து பல மாசம் ஆகியிருந்துச்சு. சீட்டெல்லாம் நீலத் துணி. தையல் பிசிறில்லாம இருந்துச்சு, அவ கை நேர்த்தி எனக்குத் தெரியாதா.

காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிருக்காங்க. நான் இங்கே உப்புக்குச் சப்பாணியா உட்கார்ந்து போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்திருக்கேன். வயிறு எரிஞ்சுது சார், அதை ஏன் மறைக்கணும். வீட்டுக்காரிகிட்டயே வந்து, இன்னொருத்தியை வச்சுக்கிட்டேன், அவளுக்கு உன் நகையைக் கழட்டிக் குடுன்னு ஒருத்தன் கேட்டா எப்படி இருக்கும். அவன் கேட்டதாவது நேருக்கு நேர். தங்கச்சி என் முகத்தைப் பார்த்துத் திரைன்னு சொன்னா. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆனா நான் சண்டை போடலை. சரி மாப்பிள்ளைன்னேன். கழட்டினேன். கடிகாரத்தை எடுத்தப்ப பின்னாடி இருந்த தகடு தூளா கொட்டிச்சு, கடிகாரத்துல ஒரு கீறல் விழலை. சக்கரத்தை மாட்டற ஹப்பு நாலும் பழைய கிரீஸ்ல ஊறிக் கிடந்ததால துரு அண்டவே இல்லை. மண்ணெண்ணெய்ல கழுவித் துணியில வரிசையா வச்சேன். புதுசு தோத்துது. இதைத்தான் நீங்க துருப்பிடிச்ச பாகம்னு எழுதியிருக்கீங்க.

அந்தச் சக்கரத்துக்கு நாலஞ்சு நட்டு கிடையாது சார். நடுவுல காது வச்ச மாதிரி ஒரே ஒரு பெரிய நட்டு, சுத்தியலால தட்டி இறுக்கணும். ஒரு பக்கத்து ஹப்புல மரை ஒரு திசையில ஓடும், மறுபக்கத்துல எதிர்த் திசையில. வண்டி ஓட ஓடத் தானா இறுகிக்கணும்னு அப்படிச் செஞ்சிருக்கான். ஹப்பையும் நட்டையும் பக்கம் மாத்தி மாட்டினாலும் கச்சிதமாத்தான் உட்காரும், வெளியே பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. என்ன, ஓட ஓடக் கழண்டுகிட்டே வரும். எந்தப் பக்கம்னு நட்டுக் காதுல எழுத்து போட்டிருப்பான். எங்க வண்டியில வெளியே நின்ன நட்டுக் காதுல மட்டும் துரு அந்த எழுத்தைத் தின்னுடுச்சு. அதனால யாருக்கும் பக்கம் மாறிப் போகலாம்னு உங்க ஆள் ஒருத்தர் சொன்னாராம். நல்ல மனுஷன். ஆனா எனக்கு எழுத்து எதுக்கு. மரையில விரலை வச்சாலே தெரியும்.

தெரிஞ்சுதான் மாத்தி மாட்டினேன். வழக்கமா தட்டற அளவுக்குத் தட்டவும் இல்லை. அவன் தன் ஷெட்ல என் பக்கத்துல நின்னு விளக்கு வளையத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தான். பார்த்தியா மச்சான், நம்ம வண்டி இதுக்குள்ளதான் இருக்குன்னான். எனக்கு அது ஆறுதல்னு நினைச்சிருக்கான்.

கிளம்பறப்ப எல்லாம் சரிதானேன்னு கேட்டான். ம்னேன். ஒரு நட்டைக்கூட அவன் தொட்டுப் பார்க்கலை. என்னை முன்னாடி வந்து உட்காரச் சொன்னான். முட்டி வலிக்குதுன்னேன். அப்பத்தான் தங்கச்சி உள்ளே இருந்து வந்து ஏறிக்கிட்டா. அவ வருவான்னு நான் நினைக்கலை.

இல்லை, இதையும் சரியாச் சொல்லிடறேன். அவளா ஏறலை. வாசல்லயே நின்னு, "அண்ணா, உன் மேல சத்தியமா உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், கோவமா?" அப்படின்னா. எனக்கென்ன கோவம்னேன். "அப்ப நான் முன்னாடி உட்கார்ந்துக்கவா?" அப்படின்னா. நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப அவ அந்த நீலச் சீட்டைக் கையால நீவி விட்டுக்கிட்டிருந்தா. ஏறிக்கோம்மான்னு சொல்லிக் கதவை நான்தான் அகலத் திறந்து விட்டேன். அவ புடவை நுனி வெளியே தொங்குச்சு. மாட்டிக்கிட்டா கிழிஞ்சுடும்னு உள்ளே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினேன். நல்ல கதவு. ஒரே தள்ளுல மூடிக்கிச்சு.

பாலத்து இறக்கத்துல முன்சக்கரம் தனியா கழண்டு, உருண்டு போய் ஒரு கடை வாசல்ல சாஞ்சு நின்னுச்சாம். ஒரு கம்பி வளையலை. மாப்பிள்ளை அங்கேயே போயிட்டான். தங்கச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் இருந்தா. எங்க அண்ணனைக் கூப்பிடுங்க, அவன் வந்தா எல்லாத்தையும் சரி பண்ணிடுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம். நர்சம்மா சொன்னாங்க. அவளுக்கு என் வேலை மேல எப்பவும் நம்பிக்கை உண்டு.

ஆக, பக்கம் மாத்தினது நான், ஏத்தி விட்டது நான். என் பேரைப் போட்டுக்கங்க. பாகங்கள் மேல குத்தம் இல்லைன்னு திருத்தி எழுதிடுங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. வெளியே உங்க முற்றத்துல நிக்கிற வண்டியைப் பார்த்துட்டுத்தான் உள்ளே வந்தேன். ஓட்டுறவன் பக்கமா கவுந்ததால முன்னாடி ஒண்ணும் மிச்சமில்லை. ஆனா தங்கச்சி பக்கத்துக் கதவு அப்படியே இருக்கு, கீல்கூட நெளியலை. கேஸ் முடிஞ்சதும் காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க சார். நாலு போல்ட்டுதான், எண்ணெய் விட்டு மெதுவா நானே கழட்டிக்கறேன். கொட்டகையில நிக்கிற எங்க வண்டிக்கு முதல்ல அந்தக் கதவுதான் வேணும். பாவம், தங்கச்சிக்கும் அதே கவலைதான்.