சரி விடுங்க

எனக்குக் குரலை உயர்த்திப் பேச வராது. பால்காரரிடம்கூட "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்" என்று கெஞ்சுகிற ஆள் நான். அதனால்தான் இந்த மாதிரி வழக்குகளைப் பெரியவர் என் பக்கம் தள்ளிவிடுவார். பெரியவர் என்றால் என் சீனியர். இருபத்திரண்டு வருஷமாக அவர் அலுவலகத்தில்தான் வக்கீல் தொழில் பார்க்கிறேன். "நான் கேட்டா மிரட்டற மாதிரி இருக்கும்மா. நீ கேட்டா குசலம் விசாரிக்கற மாதிரி இருக்கும்" என்பார். என் கேள்விகளுக்கு அழுதவர்கள் உண்டு. நான்தான் அழவைத்தேன் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வழக்கைத்தான் சொல்ல வந்தேன். கடைக்காரர் எங்கள் கட்சிக்காரர்; பேரன் எடுத்தவர். புகார் கொடுத்த பெண் அவரிடம் வேலை பார்த்தவள். பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடிகளைச் சட்டத்துக்குப் பொருந்தத் தேய்த்துக் கொடுப்பாள். ஒரு மத்தியானம் அவர் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பின்னறைக்கு வந்தார். அவள் கையில் கண்ணாடித் தட்டு இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தார். மிச்சம் புகாரில் நாலு பக்கம் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை; ஒரு தடவை சொல்லவைத்தது போதும்.

அவளும் சம்மதித்தாள் என்பதுதான் எங்கள் தரப்பு. அதற்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. என்ன உடுத்தியிருந்தாள், யாரோடு போனில் பேசினாள், பிறகும் எதற்கு மூன்று நாள் வேலைக்கு வந்தாள் என்று பெரியவர் பழைய பாட்டையே பாடினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். பாவம், சின்னப் பொண்ணு" என்றேன்.

அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விசாரணை நாளன்று அவளைப் பெண்கள் கழிப்பறையில் பார்த்தேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். தோளில் தையல் பிரிந்து உள்ளாடைப் பட்டி தெரிந்தது. என் பையில் எப்போதும் ஊக்கு இருக்கும். குத்திவிட்டேன். கறுப்பு அங்கியை வெளியே நாற்காலியில் கழற்றிப் போட்டிருந்தேன். புழுக்கம், வேறொன்றுமில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியிடம் தனியாகப் பேசக்கூடாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள். நான் பேசவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"நீங்களும் கேஸுக்கா வந்திருக்கீங்க அக்கா?"

"ஆமாம்மா. உனக்கு என்ன பயம்?"

"அந்த வக்கீல் என்ன கேப்பாரோன்னுதான். விடுங்க விடுங்கன்னு கெஞ்சினேன் அக்கா. கேக்கல. வெளிய சொல்லிடுவேன்னு பயப்படறாரோன்னு நெனச்சு, கடைசியா, 'சரி, விடுங்க'ன்னேன். யார்கிட்டயும் சொல்லல, கைய விட்டுடுங்கன்னு."

"இத போலீஸ்ல சொன்னியா?"

"அவங்க கேக்கலையே."

"இங்க கேட்டா அப்படியே சொல்லு. ஒரு எழுத்துகூட மாத்தாதே. உண்மையச் சொல்றவளுக்கு என்ன பயம்?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அரைமணி நேரம் கழித்துக் கூண்டில் நின்றவளிடம், கடைசியாக அவரிடம் என்ன சொன்னீங்க என்று கேட்டேன். என்னைப் பார்த்தாள். என் அங்கியைப் பார்த்தாள்.

"அக்கா..."

"இங்க அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாதும்மா. கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் நீதிபதி.

அவள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். தோளில் இருந்த ஊக்கைத் தொட்டுக்கொண்டு, "சரி, விடுங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"விடுன்னு சொல்லல. விடுங்கன்னு மரியாதையாச் சொன்னீங்க?"

"முதலாளிங்க. வேற எப்படிச் சொல்றது?"

"கையைன்னு சொன்னீங்களா?"

"கையத்தாங்க..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

தட்டச்சரைக் கொட்டாவி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல் இருப்பார், ஆனால் ஒரு புள்ளி தவறாது. அவர் தலையை நிமிர்த்தி, "சரிக்கும் விடுங்கவுக்கும் நடுவுல காற்புள்ளி உண்டுங்களா?" என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். அரசு வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க" என்றேன். "நாமெல்லாம் சேர்த்துத்தானே சொல்றோம். மேல காப்பியக் கொட்டிட்டா, சரி விடுங்கன்னு சொல்ற மாதிரி."

நாலைந்து பேர் சிரித்தார்கள். கொட்டாவி சேர்த்தே அடித்தார்.

தீர்ப்பில் பன்னிரண்டாவது பத்தி அதுதான். நடந்ததைப் பெரிதுபடுத்தாமல் ஏற்றுக்கொள்பவர்கள் சொல்லும் வழக்குச்சொல் என்று எழுதியிருந்தார்கள். கடைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெரியவர் என் தோளைத் தட்டி, "இந்த மூளை உனக்கு எங்கேர்ந்தும்மா வந்தது?" என்றார்.

அவருக்கு நினைவில்லை. நான் சேர்ந்த வருஷம், கட்டுகள் அடுக்கிய உள்ளறையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே என்னை நிறுத்தி அவர் என் கையைப் பிடித்தபோது நான் சொன்னதும் அதுதான். சரி, விடுங்க சார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டார். அதனால் அதை ஒரு விஷயமாக நான் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனேன். ஆக, அந்தக் காற்புள்ளி எங்கே விழும் என்று அன்றைக்கு மன்றத்தில் இருந்தவர்களில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கூண்டில் நின்றாள். இன்னொருத்தி வேண்டாங்க என்றாள்.

வெட்கமாக இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பல் விளக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அதனால்தான் தீர்ப்பு நாளன்று படிக்கட்டில் அவள் பின்னாலேயே போனேன். என் பக்கத்தையும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் நிற்கவில்லை. எட்டி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"தொழில்மா. மனசுல வெச்சுக்காதே. நான் மட்டும் என்ன சந்தோஷமாவா செஞ்சேன்" என்று ஏதேதோ சொன்னேன். பாதி எனக்கே விளங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மரியாதையாகத்தான், மெல்லச் சொன்னாள்.

"சரி விடுங்க."

நல்ல பெண். என்னை மன்னித்துவிட்டாள்.