பல் டாக்டர் கேட்காத கேள்வி

அவைக்கு அன்போடு தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே, அஞ்சாமல் அலைந்து இந்த ஆவணப்படத்தை எடுத்து முடித்த இயக்குநர் தம்பி அவர்களே, முதுகுவலியோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர்களே, பிள்ளைகளைப் பறிகொடுத்தும் பேச்சைப் பறிகொடுக்காத தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சற்றுமுன் படம் பார்த்தோம். பெயர் கேட்டுப் பிரித்து, பேருந்து நிலையச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட முப்பத்தோரு ஆண்களைப் பார்த்தோம். ஐந்தாவதாக நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் என் கணவர்.

அழாதீர்கள் அம்மா. நான் அழுது முடித்தவள். இன்று வேறொருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அன்று காலை, மூன்று மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைத்தெருவில் ஓடினேன். எத்தனை கதவுகளைத் தட்டினேன்! குற்றம் சொல்லவில்லை; அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். தட்டாமலே திறந்தது ஒரு கதவு. பல் டாக்டரின் கதவு! எங்களைச் சுட்டவர்களின் இனத்தவர் அவர்.

"உள்ள வாம்மா, சீக்கிரம்!"

நோயாளி நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் கால் நீட்ட முடியாத ஓர் அறை. அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாய்ப் பல் அச்சுகள்.

"பாரு தங்கச்சி, எத்தனை பேர் உன்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க!" என்றார் டாக்டர். கணவனை இழந்த அன்றே என்னைச் சிரிக்க வைத்த மனிதர்! இருபத்துமூன்று நாள், அவர் மனைவி, என் அண்ணி, தன் தட்டில் பாதியை எனக்குத் தந்தார். இன்றும் எங்காவது கிராம்புத் தைலம் மணந்தால், என் கால்கள் தாமாக நின்றுவிடும். அந்த அறைக்குள் ஒருமுறை போய்வர மனம் ஏங்கும்.

ஒரு நாள் பிற்பகல், பல்வலியோடு ஒரு ராணுவ அதிகாரி வந்து நாற்காலியில் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்துக் குழந்தை சிணுங்கியது.

"என்னய்யா சத்தம்?"

"மெஷின் பழசு சார், அப்பப்ப முனகும். வாயை நல்லாத் திறங்க."

டாக்டர் மிதியை மிதித்தார். மெஷின் அலறியது. அதைவிட அதிகமாக அதிகாரி அலறினார்! அந்த அலறலில் என் பிள்ளை வாயை மூடிக்கொண்டது. சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அன்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இருபத்துநான்காம் நாள் அண்ணி எங்களை எல்லை தாண்டி அனுப்பிவைத்தார். மறுவாரமே யாரோ காட்டிக்கொடுக்க, டாக்டரை ராணுவத்தினர் பிடித்துச் சென்றார்கள். "யார் அவள்? பெயர் என்ன?" ஒன்பது நாள் இதே கேள்வி. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்தார்கள். "தெரியாது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

கை தட்டாதீர்கள், அதோ இருக்கும் அண்ணி கோபித்துக்கொள்வார்.

ஏழு மாதம் கழித்துப் போர் ஓய்ந்தது. ஓடோடிப் போனேன். கோணிப்போன விரல்களால் குழந்தையின் உதட்டை விலக்கி, "அடடே, நாலு பல்லு வந்துடுச்சே!" என்று குதூகலித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப பயமில்ல. உன் பேரு என்ன, தங்கச்சி?"

அன்பர்களே, இருபத்துமூன்று நாள் சோறு போட்டவர் என் பெயரைக் கேட்கவே இல்லை! கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால், அடிபடும்போது வாய் தவறிவிடலாம். விரல்கள் ஒடிந்தபோதும் அவர் சொன்னது பொய்யே அல்ல!

பெயரைக் கேட்டுச் சுட்டார்கள் அவர்கள். பெயரைக் கேளாமல் காத்தார் இவர். இந்த இரு சாராரில் நாம் யாராக இருக்கப் போகிறோம்?

சென்ற மழைக்காலத்தில் அவர் மறைந்தார். போர் ஓய்ந்தபின் அவர் என் பெயரைக் கேட்ட அன்று, அவர் வாசலில் நின்று, தெருவே திரும்பிப் பார்க்க, என் பெயரை உரக்கச் சொன்னேன். பயமில்லாமல் ஒருவரிடம் பெயர் சொல்வது எவ்வளவு பெரிய சுகம்! அந்தச் சுகம் உங்கள் ஒவ்வொருவருக்கும் என்றும் வாய்க்கட்டும். பொறுமையோடு கேட்டீர்கள், நன்றி, வணக்கம்.