நஞ்சு குடிச்சவள் வசனம் பேசமாட்டாள்

வேண்டாம் அத்தான், கார் ஹீற்றரைக் கூட்டாதேங்கோ, நான் ஏற்கெனவே கொதிச்சுக்கொண்டிருக்கிறன். ஓம், அத்தான்தான். அக்காவை உங்களுக்குப் பேசிவைச்ச நாளில இருந்து வாயில வந்தது, இனி மாத்த ஏலாது.

அஞ்சு மணிக்கு முந்திக் கம்பஸில கட்டுரையைக் குடுக்கோணும். இல்லாட்டிப் பெயில். பேந்து அம்மாவோட பக்டரியில துணி தைக்கிறதுதான்.

என்ன கட்டுரையோ? முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின இங்கிலீசு நாடகங்களில நஞ்சு. சிரியுங்கோ, சிரியுங்கோ. கிண்ணத்தில நஞ்சு, கையுறையில நஞ்சு, படத்தைக் கொஞ்சினாலும் நஞ்சு. வைக்கிறவன் ஆர்? அனேகமா இத்தாலிக்காரன். கெட்டது எதுவும் வெளியால இருந்து வந்தாத்தான் இங்கிலீசுக்காரனுக்கு நிம்மதி. இஞ்ச பஸ்ஸில எங்களைப் பாக்கிறாங்களே, அந்தப் பார்வைதான்.

அது நல்லாயிருக்காம், புரொபெசர் எழுதியிருக்கிறார். சண்டை கட்டுரையின்ர மற்றப் பகுதியில. நாடகத்தில நஞ்சு குடிச்சவள் முப்பது வரி பேசிறாள் அத்தான்! கடவுளைக் கூப்பிடுறாள், ஆக்களுக்குப் புத்தி சொல்லுறாள், பிறகுதான் வடிவாச் சரியிறாள். நான் எழுதினன், இது பொய், சத்தி எடுக்கிற வாய்க்கு வசனம் வராது, நெஞ்சு ஒருக்கா அடிச்சு ஒருக்கா நிக்கும், விடியக் குடிச்சா மத்தியானம் வரைக்கும் இழுக்கும் எண்டு. அந்தாள் சிவப்பு மையால கீறிப்போட்டு, இது உமக்கு எப்பிடித் தெரியும், எந்தப் புத்தகம் எண்டு கேக்குது.

ஏதாவது ஒரு புத்தகத்தின்ர பேரைப் போடட்டோ? அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. அதுக்குத்தானே உங்களைக் காரோட அனுப்பினவ, எனக்குப் புத்தி சொல்ல. மாட்டன். பொய் சொல்லிச் சொல்லியே நாலு வருசம் போட்டுது.

என்ன பொய்யோ? கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்கோ. இல்லை, முதல் நிப்பாட்டுங்கோ.

யோகராணி அக்காவைப் பாம்பு கடிக்கேல்லை. அது எங்கட ஐயா உங்களுக்கு எழுதினது. ஊருக்கும் அதைத்தான் சொன்னது. விசாவுக்காக இஞ்ச ஒரு வெள்ளைக்காரியைப் பதிவுக் கலியாணம் செய்யிறன், ரெண்டு வருசம்தான், பொறுத்திரும் எண்டு நீங்க அக்காவுக்கு எழுதினீங்களெல்லோ? அந்தக் கடிதம் வந்து அடுத்தநாள் விடிய, அக்கா அலரிக்கொட்டை அரைச்சுக் குடிச்சவ. ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலேல்லை. நான்தான் தலையைப் பிடிச்சுக்கொண்டிருந்தன்.

இதைத்தான் கட்டுரையின்ர அடிக்குறிப்பில எழுதிக் குடுக்கப்போறன், அம்மா என்னோட கதைக்காட்டியும் பறவாயில்லை. புரொபெசர் ஆக்கள் வாசிக்க முந்தி நீங்க கேக்கோணும் எண்டுதான் காரில ஏறினனான்.