மடித்துக் குத்திய சட்டைக்கை

— நீங்க முன்ன வரைஞ்ச படத்துல மூலை மேசையில முதுகு காட்டி உக்காந்திருக்கானே, அவன் அன்செல்ம். நான் கட்டின புருஷன், ஐயா. மறுபடியும் வரைய வந்துட்டீங்களாக்கும்.

— எந்தப் படத்தைம்மா சொல்றீங்க?

— இதே மார்ன் ஆத்தங்கரை, இதே என்னோட ஒயின் கடை. ஞாயித்துக்கிழமை சனங்க ஆடுது, குடிக்குது. ஒருத்தன் மட்டும் வலது சட்டைக்கையை மடிச்சு ஊசி குத்தியிருக்கான். இருக்கிற ஒத்தைக் கையால இந்த ஊர்த் தையல்காரி இடுப்பை வளைச்சிருக்கான்.

— அட, அதுவா. பாருங்கம்மா, பாரீஸ்ல அது சக்கைப் போடு போட்டுச்சு. எல்லாரும் முதல்ல அந்த இடுப்பைத்தான் பாப்பாங்க.

— நானும் அதைத்தான் பாத்தேன். பிரஷ்யாக்காரன் சண்டையில வலது கை போனவன் இந்த ஊர்ல அன்செல்ம் ஒருத்தன்தான்.

— கோவிச்சுக்காதீங்க. கண்ணுல பட்டதைக் கீறினேன். பேரு கேட்டுட்டா வரைய முடியும்?

— நான் இல்லடின்னு அவங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணினான். பாரீஸ்காரர் நேர்ல பாத்து வரைஞ்சது பொய்யான்னு கேட்டு, கதவைச் சாத்திட்டேன். அல்ஜீரியாவுக்குக் கப்பலேறினான். அங்கேயே காய்ச்சல்ல செத்தான்.

— அடப் பாவமே. அப்புறம் தனியாவா கடையைப் பாக்குறீங்க?

— பஸ்தியானைக் கட்டிக்கிட்டேன். அன்செல்மோட சேர்ந்து அதே சண்டைக்குப் போனவரு. அந்தப் படத்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்து, உனக்குத் தெரியணும்னு என்கிட்ட காட்டினதே அவருதான். நல்ல மனுஷன்.

— இருங்க, வலது கைன்னா சொன்னீங்க?

— படத்துல அப்படித்தானே இருக்கு.

— படத்துல சரி. பாருங்கம்மா, நான் பாக்குறதைப் பாத்தபடியே செப்புத் தகட்டுல கீறிடுவேன். அதைத் தாள்ல அழுத்தினா இடம் வலமா, வலம் இடமா விழும். அந்தப் படத்துல உங்க ஆறே தப்பான பக்கம் ஓடும். கவனிக்கலையா?

— ஆத்தை யாருய்யா பாத்தா.

— மாத்திக் கீறியிருக்கலாம், சோம்பல்தான். பாரீஸ்ல யாருக்குத் தெரியப்போகுது? நிசத்துல அந்த ஆளுக்கு இல்லாதது இடது கை.

— இடது கை.

— ஆமா. அது இருக்கட்டும்மா. நான் ஒயின் கேட்டு எவ்வளவு நேரமாச்சு.

— வருது, ஐயா. பஸ்தியான் எடுத்துட்டு வர்றாரு. புட்டியும் வலது கையில, குவளையும் வலது கையில. அவருக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்.