பலகையின் பனியைத் துடைத்தவருக்கு

பேச்சிழந்தவர்களோடு பேசுவதையே பணியாகக் கொண்டு, இன்று ஓய்வு பெறும் எங்கள் ஆய்வாளர் சசிரேகா அம்மையார் அவர்களுக்கு, குன்னூர் பேச்சு உதவி ஆய்வகத்து ஊழியர்களின் வணக்கம்.

காலையில் வந்ததும், ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல், எழுத்துப் பலகைகளை எடுப்பீர்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகள். குளிரில் பனி படிந்திருக்கும். துணியால் துடைப்பீர்கள். ஒன்றை முகத்துக்கு எதிரே பிடித்து, அதன் வழியே ஜீப் ஓட்டும் முத்துராஜைப் பார்ப்பீர்கள். தெளிவாகத் தெரிந்தால் பையில் வைப்பீர்கள். ஜீப் கிளம்பும்.

பேச்சிழந்தவர் பலகையில் முதல் பார்வையில் மெய்யெழுத்தைப் பார்ப்பார், அடுத்த பார்வையில் உயிரெழுத்தை. மறுபக்கம் இருந்து அந்தக் கண்ணைப் பார்த்தே வாசித்துவிடலாம். அந்த முறையை உருவாக்கியவர் நீங்கள்.

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் என் மனைவி ராஜகுமாரிக்கு நரம்பு நோயால் பேச்சு போனபோது வந்தீர்கள். இதை எழுதும் நான் அப்போது இங்கே ஊழியன் அல்ல. பலகையின் ஓரத்தில் வலி, தண்ணீர், மருந்து என்று சில சொற்கள் இருந்தன. வேறென்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டீர்கள்.

"இவர வைய ஒரு வார்த்த இல்லயே" என்றாள், எழுத்தெழுத்தாக.

அடுத்த முறை வசவுகளோடு வந்தீர்கள். 'எருமை' அவளுக்கு அதிகம் பயன்பட்டது.

"அக்கா தண்ணி வேணும்னு காட்டுறாங்க மேடம்" என்றார் ஒருநாள் முத்துராஜ்.

"காட்டலீங்க முத்துராஜ். சொல்றாங்க" என்றீர்கள்.

அதன்பின் ஆய்வகத்தில் யாரும் 'காட்டினார்' என்று எழுதவில்லை.

அவளுடைய கடைசிக் காலையிலும் பலகையை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள். வலியா, தண்ணியா, திருப்பிப் படுக்க வைக்கட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"பொறுங்க தினகரன். அவங்க சொல்லி முடிக்கட்டும்."

சொல்லி முடித்தாள். வாசித்தீர்கள். பலகையை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனீர்கள்.

பேக்டரியில் மெஷின் நின்றதைச் சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் டயர் வெடித்ததை, பக்கத்து லயத்து வீட்டில் நாய் குட்டி போட்டதைச் சொன்னேன். அவள் கண் என் மேலேயே இருந்தது. மதியம் அது அசையவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் சொன்னேன்.

அம்மா, உங்கள் கண் மங்காமல், முழங்கால் நோகாமல், நெடுங்காலம் இருங்கள். பலகைகளை இனி நாங்கள் துடைப்போம்.

கையொப்பத்துக்குக் கீழே வாழ்த்துக் கவிதை அச்சிடுவது இங்கே வழக்கம். இம்முறை, எல்லோரும் கூடிப் பேசி, ராஜகுமாரி கடைசியாகச் சொன்னதை அச்சிட்டிருக்கிறோம்.

ஆய்வக ஊழியர்கள் சார்பில்,
தினகரன்

"கேட்டது போதும்யா. சும்மா எதாச்சும் பேசு."