வாப்பிட்டியை எய்தவர்

எங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. என் மனைவி பத்மாவதி வெங்காயத்துக்கே பாவம் பார்க்கிறவள். நானும் இந்த நாற்பத்தாறு வயது வரை மாமிசத்தை வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போனால் ஆட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நியூசிலாந்தின் ஓக்லண்டில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிட்டால் போதும், பாயசம் வருவதற்குள் என் வேட்டைக் கதை வந்துவிடும். பல் வைத்தியர் ஜெயரட்ணம்தான் எப்போதும் தொடங்கிவைப்பார்.

"என்ன கதிர், இந்த முறையும் மான் உங்களுக்குக் கையைக் காட்டிப்போட்டுப் போட்டுதோ?"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். நான் கலகலப்பான ஆள், சார்ஜன்ட். நேற்று விசாரணையில் நீங்களே அதைச் சொன்னீர்கள்.

கதிர்காமநாதன் என்ற நான் எப்சத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருக்கிறேன். ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் நிதானமாகச் சொல்ல வேண்டியதைத் தமிழில் எழுதுவதுதான் எனக்குச் சுகம். மொழிபெயர்க்க யோகராணியை அழைத்துத் தந்ததற்கு நன்றி. தேநீருக்கும்.

எங்கள் வில் வேட்டைச் சங்கத்தில் நான் சேர்ந்து ஆறு பருவங்கள் ஆகின்றன. ஆறிலும் ஒரு முயலைக்கூட எய்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன், ஹென்டர்சனுக்கு அப்பால் ஒரு மான் பண்ணையின் வேலியைத் தாண்டிப் பெரிய வாப்பிட்டி ஒன்று பைன் காட்டுக்குள் போய்விட்டது. அமெரிக்கர்கள் எல்க் என்று சொல்கிற மான் அது. குதிரை உயரம். சங்கத்தில் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். அதை எய்கிறவரின் பெயரைச் சங்கக் கட்டிடத்துப் பலகையில் பொன் எழுத்தில் எழுதுவதாகப் பேச்சு. நான் அந்த எழுத்துகளைப் பல தடவை மனதில் எழுதிப் பார்த்திருக்கிறேன். கதிர்காமநாதன் என்பது நீளமான பெயர். பலகையில் நன்றாக நிறைந்து நிற்கும்.

சில்வெஸ்ரர் மன்னாரிலிருந்து வந்த பிள்ளை. ஹென்டர்சனில் மேசை, கதிரை செய்கிற தளபாடத் தொழிற்சாலையில் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். வேட்டைக்கு வர ஆசைப்பட்டான். நான்தான் வில் பிடிக்கக் கற்பித்தேன், என் பழைய வில்லைக் கொடுத்தேன், என் அம்புகளில் நாலைக் கொடுத்தேன். எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவருடைய அம்புக்கும் வேறு நிற இறகு. எந்த அம்பு யாருடையது என்று சண்டை வராது. என்னுடையது மஞ்சள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, எண்பத்தாறாம் ஆண்டுப் பருவத்தின் கடைசி நாள். அருமையான காலை. மற்றவர்கள் ஒரு மைல் தள்ளி இருந்தார்கள். நானும் அவனும் பெரணிப் புதருக்குள் குந்தியிருந்தோம். ஒன்பது மணியளவில், விசிலாய்த் தொடங்கிக் கழுதைக் குரலாய் முடிகிற வாப்பிட்டியின் சத்தம் கேட்டது. அடுத்து மானே வந்து நின்றது. இருபத்தைந்து அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். நான் முதலில் எய்தேன். கை நடுங்கியது. அம்பு ஒரு பைன் மரத்தில் தைத்தது. சில்வெஸ்ரரின் அம்பு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நான் கற்பித்த அதே இடத்தில் இறங்கியது.

அவன் எழுந்து ஓடப் பார்த்தான். நான் சட்டையைப் பிடித்து இருத்தினேன். அம்பு பட்ட மிருகத்தை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் பயத்தில் மைல் கணக்கில் ஓடி, எங்கோ கிடந்து துடிக்கும். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அது அருகிலேயே படுத்து அமைதியாக முடிந்துவிடும். வில் வேட்டையில் இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. பத்மாவதி தந்துவிட்ட வடையைச் சாப்பிட்டோம். அவன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மணிக்கூட்டைப் பார்த்தான். நான் அவனைப் பகிடி பண்ணினேன். நல்ல நேரம் அது.

மான் ஓடையருகே கிடந்தது. சில்வெஸ்ரர் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"அண்ணை, இது உங்கட மான். அம்பும் உங்கட அம்புதானே."

"விசர்க்கதை கதையாதை."

"ஆறு வருசமா அலையிறியள். ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் ஒருத்தருக்கும் மூச்சு விட மாட்டன்."

நான் ஓம் என்றேன். அவன் என் தோளில் தட்டிவிட்டு, கயிறு எடுக்க, தூரத்தில் நிறுத்தியிருந்த காருக்குப் போனான். அதற்கு முன் அவன் ஒரு நாளும் என் தோளில் தட்டியதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் வெட்கம் கொஞ்ச நேரம்தான். மரத்தில் நின்ற என் அம்பைப் பிடுங்கிப் பையில் வைத்தேன். மானின் அருகில் இருந்து, ஜெயரட்ணத்தார் வீட்டு விருந்தில் இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஒரே ஒரு இடைஞ்சல். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் என் கற்பனையில் சில்வெஸ்ரரும் ஒரு கதிரையில் பேசாமல் இருந்து புன்னகைத்தான். அவன் வாக்குத் தவற மாட்டான் என்று எனக்குத் தெரியும். சிக்கலே அதுதான். ஒவ்வொரு விருந்திலும் என் கண்ணுக்கு முன்னால் இருந்து வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பான்.

அவன் திரும்பி வந்தபோது தலையில் மனைவி மரியநாயகி பின்னிக் கொடுத்த சிவப்புத் தொப்பி இருந்தது. தேவாலயத்தில் பாடுகிற ஏதோ வேதப் பாட்டை விசிலடித்துக்கொண்டு வந்தான். மான் என்று நினைத்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மான்கள் வேதப் பாட்டை விசிலடிப்பதில்லை. இந்தத் தடவை என் கை நடுங்கவில்லை.

மணி பதினொன்று பத்து. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். புதருக்குள்ளிருந்து அவன் கூப்பிட்டான்.

"அண்ணை, தவறிப் பட்டிட்டுது. பயப்பிடாதேங்கோ. ஒருக்கா வாங்கோ."

சில நிமிடங்களுக்குப் பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை. பதினொன்று நாற்பதுக்கு எழுந்து போனேன். அமைதியாகத்தான் இருந்தான்.

எல்லோரும் விபத்து என்றே நம்பினார்கள். செத்த வீட்டில் மரியநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் என்ன செய்வியள் அண்ணை" என்று அழுதாள். நானும் அழுதேன், உண்மையாகவே. அந்த அரை மணி நேரத்தைப் பற்றி உங்களிடம் நானாகத்தான் சொன்னேன். முறைப்படி நடந்துகொண்டதைச் சொல்வதில் தப்பில்லை என்று நினைத்தேன். நீங்கள் பேனையைக் கீழே வைத்தபோதுதான், முறை தெரியாத ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது விளங்கியது. உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று வைத்தியர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

யோகராணி தங்கச்சி, இனி உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சில்வெஸ்ரரை நான் தெரிந்தே, குறிபார்த்து எய்தேன் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். வாப்பிட்டியின் மேல் யாருடைய அம்பு பட்டது என்று நான் எழுதிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். சங்கத்துப் பலகையில் போன கிழமைதான் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். எனக்காகக் கேட்கவில்லை. ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் என்ற வாக்கை அந்தப் பிள்ளை சாகும்வரை காப்பாற்றினான். அதை நான் உடைத்தால், அவனுக்குச் செய்கிற துரோகமாகிவிடும்.